கால்பந்து வீரரின் வருமானம்: யூக எண்ணும் எழுதப்படாத கணக்கும்

இந்தியக் கால்பந்து வீரர் ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால், அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக வந்து நிற்பது அவருடைய 'மொத்தச் சொத்து மதிப்பு'. சுனில் சேத்ரிக்கும் அப்படி ஓர் எண் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் அது மாறுகிறது. எந்த ஒப்பந்தத்தைப் பார்த்து, எந்த வரிக் கணக்கைக் கொண்டு அது கணிக்கப்பட்டது என்பதற்கு எங்கும் விளக்கமில்லை. ஒரு தளம் எழுதியதை மற்றொன்று எடுத்தாள, மூன்றாவது அதைச் செய்தியாக்க, நான்காவது அதற்குச் சற்று கூட்டியோ குறைத்தோ புதுப்பிக்க, யூகம் ஒன்று தகவலாகிவிடுகிறது.

இந்த எண் பொய் என்று சொல்வது எளிது. அதைவிட முக்கியமான கேள்வி, இந்த எண்ணுக்கு இடம் எப்படி வந்தது என்பதே. அரசு அலுவலர் ஒருவரின் ஊதியத்தை யாரும் யூகிப்பதில்லை. ஊதிய நிலை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். பல்லாயிரம் பேர் முன்னிலையில் தன் தொழிலைச் செய்யும் கால்பந்து வீரரின் ஊதியம் மட்டும் ஏன் யூகத்துக்கு விடப்பட்டிருக்கிறது? இக்கேள்வியைப் பின்தொடர்ந்தால், இந்தியக் கால்பந்து கடந்த எழுபது ஆண்டுகளில் எதிலிருந்து எதற்கு நகர்ந்தது என்பதும், அந்த நகர்வில் வீரர்கள் பெற்றது எது, இழந்தது எது என்பதும் தெளிவாகும்.

1. ஓர் எண்ணுக்குள் அடங்காதவை

சேத்ரியின் தொழில்வாழ்க்கை 2002இல் மோகன் பகானில் தொடங்கியது. ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், டெம்போ, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ், போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பின் 'பி' அணி, சர்ச்சில் பிரதர்ஸ் எனப் பல கிளப்புகளைக் கடந்து 2013இல் பெங்களூரு எப்.சி.க்கு வந்து சேர்ந்தார். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் குவைத்துக்கு எதிராக ஆடி, நாட்டு அணியிலிருந்து விடைபெற்றபோது அவர் கணக்கில் 151 ஆட்டங்களும் 94 கோல்களும் இருந்தன. 2025 மார்ச்சில் அவர் திரும்ப அழைக்கப்பட்டு மாலத்தீவுக்கு எதிராக மேலும் ஒரு கோல் அடித்தார்.

இத்தனை நீண்ட வாழ்க்கையில் அவருடைய ஊதியத்தைப் பொதுவெளி ஐயமின்றி அறிந்துகொண்ட தருணங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று, 2015 ஜூலையில் மும்பையில் நடந்த ஐ.எஸ்.எல். ஏலம். அங்கு மும்பை சிட்டி அணி அவரை 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. யூஜின்சன் லிங்டோவை 1.05 கோடிக்குப் புனே சிட்டி எடுத்தது. மற்றொரு தருணம் அவர் 2010இல் கான்சாஸ் சிட்டியில் இருந்தது. அமெரிக்க எம்.எல்.எஸ். தொடரின் வீரர்கள் சங்கம் தன் உறுப்பினர் ஒவ்வொருவரின் ஊதியத்தையும் பெயரோடு பட்டியலிட்டு வெளியிடும் வழக்கம் உடையது, அவ்வாண்டும் வெளியிட்டது. சொந்த நாட்டில் இருபதாண்டுகளுக்கு மேல் ஆடிய ஒருவரின் ஊதியத்துக்கு முறையான பொதுப் பதிவு என்று இருந்தது, அயல்நாட்டில் அவர் கழித்த அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டுமே.

கிடைத்திருக்கும் 1.2 கோடி என்ற எண்ணைக்கூட எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் ஐ.எஸ்.எல். தொடர் அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் 20இல் முடிந்தது. மூன்று மாதத்துக்கும் குறைவான தொடர் அது. ஆண்டின் எஞ்சிய பகுதிக்கு அவர் ஐ-லீகில் பெங்களூரு அணியின் வீரர். எனவே 1.2 கோடி என்பது அவருடைய ஆண்டு வருமானமும் அன்று, மாத ஊதியத்தைக் கணிக்க உதவும் அடிப்படையும் அன்று. அதை எடுத்துப் பத்தால் பெருக்குபவர் கணக்கிடுவது எதை என்பது அவருக்கே தெரியாது.

'மதிப்பீடு' செய்யும் தளங்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, ஒரு வீரர் கிளப் மாறும்போது கைமாறும் இடமாற்றக் கட்டணத்தை அவருடைய வருமானமாக எண்ணுவது. அத்தொகை பழைய கிளப்புக்குச் செல்வது, வீரருக்கு உரியதன்று. இரண்டாவது, டிரான்ஸ்பர்மார்க்ட் போன்ற தளங்கள் தரும் 'சந்தை மதிப்பை' சொத்தாகக் கருதுவது. அது பயனர்களின் விவாதத்திலிருந்து பிறக்கும் கருத்து. யார் கையிலும் இருக்கும் பணமன்று. மூன்றாவது, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை முழுவதும் வீரரின் கைக்கு வந்துவிட்டதாக நம்புவது. இந்தியக் கால்பந்தில் எழுதப்பட்ட தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. இம்மூன்றாவது பிழையிலேயே இத்தொழிலின் வரலாறு மறைந்திருக்கிறது.

2. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்த காலம்

1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணிகளில் இருந்தோர் பெயரளவில் தொழில்முறை வீரர்கள் அல்லர். அவர்களுள் பலர் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ வேலையில் இருந்தவர்கள். பி.கே. பானர்ஜி தன் ஆட்டக்காலத்தை ஈஸ்டர்ன் ரயில்வே அணியில் கழித்தார். கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளில் எதற்கும் ஆடாமலே இந்திய அணியின் முன்னணி வீரராக விளங்கினார். 1958இல் அந்த ரயில்வே அணி கொல்கத்தா லீகையே வென்றது.

துளசிதாஸ் பலராம் செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1962 ஆசியத் தங்கத்தில் பங்குடையவர். ஈஸ்ட் பெங்காலில் புகழின் உச்சத்தைத் தொட்ட பிறகு, 1963இல் ரயில்வே அணியான பி.என்.ஆருக்குச் சென்றார். நோய் காரணமாக ஏறத்தாழ 27 வயதிலேயே அவருடைய ஆட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அவர் 2023 பிப்ரவரி வரை, அதாவது ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். கால்பந்து வீரரின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய விகிதம் இது: பத்தாண்டுக்கும் குறைவான ஆட்டம், அறுபதாண்டு வாழ்க்கை.

இந்த ஏற்பாட்டின் கடைசிப் பெருந்தலைமுறையைச் சேர்ந்தவர் ஐ.எம். விஜயன். திருச்சூர் நகராட்சி அரங்கில் சோடா விற்ற சிறுவன், பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில் கேரளக் காவல்துறை அணியில் சேர்க்கப்பட்டான். 1990இலும் 1991இலும் பெடரேஷன் கோப்பையை வென்றது அந்த அணி. பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் எனக் கிளப்புகள் அவரைத் தேடி வந்தன. தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் 'திமிரு' படத்தில் கண்டதும் அவரையே. ஆட்டம் ஓய்ந்த பின் அவர் காவல்துறைக்கே திரும்பினார். 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் துணைக் கமாண்டண்ட் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.

விஜயனுக்குக் கிளப்புகள் கொடுத்த தொகை எவ்வளவு என்பது சர்ச்சைக்குரியதாக இருக்கலாம். காவல்துறை கொடுத்தது எவ்வளவு என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. அது அரசாணைகளில் இருக்கிறது. கிளப் தந்த பெருந்தொகை சில ஆண்டுகளில் முடிந்தது. காவல்துறையின் சிறுதொகை அவருடைய ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை வந்தது. ஓய்வூதியமாக இனியும் வரும். அவருடைய காலத்தில் மிக உயர்ந்த ஒப்பந்தங்களைத் தந்த எப்.சி. கொச்சின் 1997இல் தோன்றியது, 2002இல் மறைந்தது. முதல் தேசிய கால்பந்து லீகை வென்ற ஜே.சி.டி. 2011இல் அணியைக் கலைத்தது. மும்பையின் மகிந்திரா யுனைடெட் அதற்கு ஓராண்டு முன்பே கலைந்தது. விஜயனின் சட்டையில் இருந்த முத்திரைகளில் இரண்டு அழிந்துபோயின. மிஞ்சியவற்றுள் ஒன்று காவல்துறையின் முத்திரை.

இதைக் கொண்டு பழைய காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை அதிகாரிகளின் தயவில் கிடைத்தது. அதைப் பெற்றவரைக் காட்டிலும் பெறாதவரே அதிகம். வேலை இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையன்று. விஜயனோடு கேரளக் காவல்துறை அணியில் ஆடிய வி.பி. சத்யன் இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 1995இல் நாட்டின் சிறந்த வீரராகத் தேர்வானவர். சென்னையில் இந்தியன் வங்கியில் பணியும் இருந்தது. காயங்களின் வலியும் மனச்சோர்வும் அவரைத் தொடர்ந்தன. 2006 ஜூலையில், 41 வயதில், அதே சென்னையில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். மாதச் சம்பளத்தால் எட்ட முடியாத ஓர் இழப்பு வீரரின் உடலிலும் மனத்திலும் நிகழ்கிறது. அதற்கான மருத்துவமும் துணையும் அன்றும் இல்லை. இன்றும் போதுமான அளவில் இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலம் வீரரை ஊழியராக அங்கீகரித்தது. அவர் ஆடுவது ஒரு வேலை, அந்த வேலைக்கு நாளையும் உண்டு என்ற எண்ணம், குறையோடு என்றாலும், அமைப்பில் இருந்தது.

3. சந்தை என்ற பெயரில் வந்தது

2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்சுக்கு அளித்தது. அந்த ஒப்பந்தத்தின் மீது 2014இல் ஐ.எஸ்.எல். எழுந்தது. வெளிநாட்டு நட்சத்திரங்கள், நேரலை ஒளிபரப்பு, சீரான புல்தரை, முறையான பயிற்சி ஊழியர்கள் ஆகியவை இந்திய வீரருக்கு முதன்முறையாக ஒருசேரக் கிடைத்தன. ஊதியமும் உயர்ந்தது. 2017ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் தற்காப்பு வீரரான அனஸ் எடத்தொடிகாவின் விலை 1.1 கோடி. மலப்புறத்தின் எளிய குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவருக்கு அது சாதாரணத் தொகையன்று. இந்த முன்னேற்றத்தை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை.

ஆனால் இது எந்த வகைச் சந்தை? அந்த ஆண்டின் வீரர் தேர்வில் ஒவ்வொருவருக்கும் விலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. எந்த அணிக்குச் செல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை தேர்வுக்கு வந்த வீரரிடம் இல்லை. விற்பவர் விலை பேசவும் வாங்குபவரைத் தேரவும் முடியாத இடத்தைச் சந்தை என்று அழைப்பதற்குப் பொருளியலில் இடம் குறைவு. பின்னர் நேரடி ஒப்பந்த முறை வந்தபோது விலையை அறிவிக்கும் வழக்கமும் நின்றது. யூக எண்கள் நுழைந்தது அந்த இடைவெளியில்.

இன்னும் ஆழமான சிக்கல் ஊதியத்தின் ஊற்றுக்கண்ணில் இருக்கிறது. தம் கிளப் நட்டத்தில் ஓடுகிறது என்று ஐ.எஸ்.எல். உரிமையாளர்கள் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டும் ஒளிபரப்புப் பங்கும் விளம்பரமும் சேர்ந்து செலவை ஈடுகட்டுவதில்லை. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என வென்ற ஆட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அன்று மூன்று கோல் அடித்த சேத்ரி, அரங்குக்கு வந்து எங்களைத் திட்டவாவது செய்யுங்கள் என்ற பொருளில் காணொளி ஒன்றை வெளியிட்டு ரசிகர்களை வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. ஒரு தலைவரின் வேண்டுகோளால் நிறையும் அரங்கு நெகிழ்ச்சியான காட்சிதான்; ஒரு தொழில்துறையின் வருவாய்க்கு அது அடித்தளம் ஆகாது.

ஆகவே இன்றைய வீரரின் ஊதியம், அவர் உருவாக்கும் வருவாயின் பங்காக வருவதில்லை. உரிமையாளரின் வேறு தொழில்களில் ஈட்டிய லாபத்திலிருந்து, அவர் விரும்பும்வரை ஒழுகும் கொடையாக வருகிறது. பழைய முறையில் புரவலர் அரசு. புதிய முறையில் புரவலர் நிறுவனம். அரசு தன் ஊழியர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்க விதிமுறைகள் உண்டு. நிறுவனம் தன் அணியை மூட ஓர் அறிக்கை போதும்.

4. சட்டத்தின் கண்ணில் வீரர் யார்?

வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவுக்காக, விளையாட்டு வீரர்களின் பணி 'தொழில்முறைச் சேவை' என 2008இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவரும் வழக்கறிஞரும் பெறும் கட்டணத்துக்கு நிகராக அது வைக்கப்பட்டது. வரிப் பிடித்தத்துக்கான இந்த ஏற்பாடு, நடைமுறையில் வீரரைத் தனித்தொழில் புரிபவராகப் பார்க்கும் பழக்கத்தோடு பொருந்திப்போயிற்று. ஆனால் தனித்தொழில் புரியும் எந்த வழக்கறிஞர், எத்தனை மணிக்கு உறங்க வேண்டும், என்ன உண்ண வேண்டும், எந்த ஊருக்குப் போகக்கூடாது, ஊடகத்தில் என்ன பேசக்கூடாது என்பதையெல்லாம் தன் கட்சிக்காரர் தீர்மானிக்க அனுமதிப்பார்? கட்டுப்பாட்டில் வீரர் ஊழியர். உரிமையில் மட்டும் தற்சார்புத் தொழிலர்.

ஊழியர் என ஏற்கப்படாதவருக்கு வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ உரிமையாக வருவதில்லை. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கேட்டது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிளப் மாறும் வீரருக்கு அது எப்படியும் எட்டாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, குறித்தகால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகிறது. கால்பந்து ஒப்பந்தம் இயல்பிலேயே குறித்தகால ஒப்பந்தம். இந்த ஏற்பாடு வீரருக்கெனவே எழுதப்பட்டதுபோல் தோன்றும். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் சாவி 'ஊழியர்' என்ற ஒற்றைச் சொல்லே. அந்தச் சொல்லுக்காக வழக்காடும் வலிமையுள்ள வீரர் அமைப்பு இன்னும் உருவாகவில்லை. பாய்ச்சுங் பூட்டியாவைத் தலைவராகக் கொண்டு 2006இல் தோன்றிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கம் பலருடைய நிலுவைகளுக்காகப் பேசியிருக்கிறது; ஆனால் ஊதியம், ஒப்பந்தம் பற்றிய கூட்டுப் பேரத்தில் சம தரப்பாக அமரும் இடம் அதற்கு வழங்கப்படவில்லை.

நிலுவை என்று வரும்போது வீரர்களுக்குள்ளேயே இரண்டு குடிமைகள் தென்படுகின்றன. இரண்டு மாத ஊதியம் வராவிட்டால், எழுத்து மூலம் பதினைந்து நாள் கெடு கொடுத்து, நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று பிபா விதி 2018இலிருந்து கூறுகிறது. வெளிநாட்டு வீரர் நேரே பிபாவின் தீர்ப்பு அமைப்புக்குச் செல்கிறார். அங்கிருந்து வரும் தடைக்குக் கிளப்புகள் அஞ்சுகின்றன. இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் இடையிலான தாவா உள்நாட்டுக் குழுவிடம் போகிறது. நாளை இதே நாட்டில் வேறு கிளப்பில் வேலை தேட வேண்டியவர், இன்றைய கிளப்பின் மீது புகார் எழுதுவதற்கு முன் பலமுறை யோசிப்பார். 2021-22 பருவத்தில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற ஐதராபாத் அணி, இரண்டே ஆண்டுகளில் ஊதிய நிலுவையால் வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறும் நிலையை அடைந்தது. வாகையர் பதக்கம்கூட அடுத்த மாதச் சம்பளத்துக்கு உறுதியளிக்கவில்லை.

5. 2025: ஒப்பந்தம் தீர்ந்த ஆண்டு

பதினைந்தாண்டு உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. புதுப்பித்தல் பற்றித் தெளிவு இல்லாத நிலையில், அவ்வாண்டு ஜூலையில் 2025-26 பருவம் நிறுத்திவைக்கப்படுவதாகத் தொடரை நடத்தும் நிறுவனம் கிளப்புகளுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. தன் முதல் அணியின் வீரர்கள், ஊழியர்கள் ஆகியோரின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சேத்ரியின் அணி அது. சென்னையின் எப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்தியது. புதிய வணிகப் பங்காளிக்காகக் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பரில் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில், 2026 பிப்ரவரி 14 முதல் சுருங்கிய வடிவில் தொடர் நடக்கும் என்று சனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. சந்தையின் பெயரால் தொடங்கியதை மீட்க அமைச்சகம் தேவைப்பட்டது.

அந்த மாதங்களிலும் சேத்ரியின் 'சொத்து மதிப்பு' தேடுபொறியில் குறையாமல் நின்றது. அவர் தாங்கிக்கொள்வார் என்பது வேறு செய்தி. அதே அணியில் முதல் ஒப்பந்தத்தில் இருந்த பத்தொன்பது வயது வீரருக்கு எந்தத் தேடுபொறியிலும் எண் இல்லை. நட்சத்திரத்தின் யூக எண் செய்யும் பெருந்தீங்கு இதுவே. உச்சியில் இருக்கும் ஒருவரின் பெருந்தொகையைத் தொழிலின் அடையாளமாக்கி, அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் கணக்கைக் கேட்காமலே விட்டுவிடச் செய்கிறது.

அந்தக் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீரர் 21 வயதில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டுக்குச் சராசரியாக 15 லட்சம் பெறுகிறார், ஒரு மாத ஊதியமும் நிலுவையில்லை, பெருங்காயம் ஏதுமில்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1.8 கோடி. செய்தித் தலைப்புக்கு ஏற்ற தொகைதான். ஆனால் 33 வயதில் வேறு தொழில் தெரியாமல் வெளியேறும் அவர், 73 வயது வரை இதைக் கொண்டே வாழ வேண்டும் எனில், நாற்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 4.5 லட்சம், மாதம் 37,500 ரூபாய். வரி, முகவர் பங்கு, விலைவாசி உயர்வு எதையும் கழிக்கவில்லை. ஒரு முழங்கால் தசைநார் 24 வயதில் அறுந்தால் இந்தக் கணக்கே இல்லை. பள்ளிப் படிப்பைக் களத்துக்காகக் கைவிட்டவர் இவர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

6. எண்ணே இல்லாதவர்கள்

பெண்களின் கால்பந்தில் யூக எண்ணுக்குக்கூட இடமில்லை. இந்திய மகளிர் லீக் 2017 தொடக்கத்தில்தான் முதன்முறை நடந்தது. 2023இல் கூட்டமைப்பு, லீகின் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று அறிவித்தது. தொகை சிறிது. ஆயினும் குறைந்தபட்ச ஊதியம் என்ற கருத்தே இந்தியக் கால்பந்தில் பெண்கள் வழியாக நுழைந்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

2018-19 பருவத்தில் மதுரையின் சேது எப்.சி. அந்த லீகை வென்றது. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூரைச் சேர்ந்தவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். நாட்டுக்காக ஆடும் பெண்ணுக்கு வாழ்வின் உறுதி இன்றும் காக்கிச் சட்டையிலிருந்தே வருகிறது. ஆண்கள் ஆட்டம் 'கடந்துவிட்டதாக' நம்பும் ஏற்பாடு பெண்களுக்கு இன்றும் நம்பத்தக்க ஏற்பாடாக நீடிக்கிறது. அதை வளர்ச்சியின்மை என்று மட்டும் வாசிக்க முடியாது. மாற்று எதுவும் அதைக் காட்டிலும் உறுதியாக இல்லை என்பதற்கான சாட்சியாகவும் வாசிக்கலாம்.

7. இரு மறுப்புகள்

கால்பந்து விருப்பத் தொழில், அபாயம் தெரிந்தே வருகிறார்கள், கலைஞருக்கும் தொழில்முனைவோருக்கும் இல்லாத பாதுகாப்பு இவர்களுக்கு மட்டும் ஏன் என்று கேட்கலாம். அபாயம் தெரிந்து வருவதற்குத் தகவல் வேண்டும். ஊதியம் மறைக்கப்பட்ட தொழிலில், பதினான்கு வயதில் பயிற்சிப் பள்ளியில் சேரும் சிறுவனின் பெற்றோரிடம் இருப்பது தேடுபொறி காட்டும் யூக எண் மட்டுமே. அந்த எண்ணை நம்பி எடுக்கும் முடிவைத் தெரிந்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது.

ஊதியத்தை வெளியிடுவது வீரரின் தனியுரிமையை மீறாதா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரின்றி, அணிவாரியாகவும் வயதுவாரியாகவும் சராசரியையும் இடைநிலையையும் வெளியிட்டாலே போதும். பெயரோடு வெளியிடுவதா என்பதை, அமெரிக்காவில் நடப்பதுபோல், வீரர்களின் சங்கமே முடிவு செய்யட்டும். தகவல் உழைப்பவரின் கையில் இருக்கும்போது அது பேர ஆற்றல். பிறர் யூகிக்கும்போது வெறும் வம்பு.

8. செய்யக்கூடியவை

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. வீரர் ஒப்பந்தத்தைக் குறித்தகாலப் பணி ஒப்பந்தமாக ஏற்பது. ஒரே மாதிரி ஒப்பந்தப் படிவம். பருவம் தொடங்கும் முன் சில மாத ஊதியத்துக்கான வங்கி உத்தரவாதத்தைக் கிளப்பிடமிருந்து பெறுவது. ஆட்டம் முடிந்த பின்னும் தொடரும் காய மருத்துவக் காப்பீடு. வீரர் சங்கத்துக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி. கூட்டமைப்பின் புதிய சட்டவிதிகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்று, புதிய தொடக்கத்துக்கு வழி திறந்திருக்கிறது. வணிக உரிமையை யாருக்கு விற்பது என்பதைப் பேசும் அதே கூட்டத்தில், அந்த வணிகத்தின் சரக்கை உடலால் உற்பத்தி செய்பவர்களைப் பற்றியும் பேச முடியும்.

ஆய்வுலகுக்கும் இதில் ஒரு பங்குண்டு. நெசவாளர், தோட்டத் தொழிலாளர், சாலையோர வணிகர் ஆகியோரின் வருமானத்தைக் குறித்து இந்தியச் சமூக அறிவியல் திரட்டியிருக்கும் தரவில் ஒரு சிறு பகுதிகூடக் கால்பந்து வீரர்களைப் பற்றி இல்லை. விளையாட்டு வரலாறு தேசியம், அடையாளம், ரசிகப் பண்பாடு ஆகியவற்றை நன்றாகவே எழுதியிருக்கிறது. 1911இல் மோகன் பகான் ஆங்கிலேய அணியை வென்றதைப் பற்றிய நூல்கள் நிறைய. ஆனால் 35 வயதில் ஓய்வு பெற்ற இரண்டாம் நிலை லீக் வீரர் 45 வயதில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும் நீள்கால ஆய்வைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு எழுதப்படாத வரை, அதன் இடத்தை யூக எண்கள் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

'ஒரு கால்பந்து வீரர் எவ்வளவு சம்பாதித்தார்?' என்ற கேள்விக்குச் சுவையான பதில்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. யாரிடமிருந்து சம்பாதித்தார், எத்தனை மாதம் தவறாமல் வந்தது, காயம்பட்ட ஆண்டில் என்ன வந்தது, கடைசி ஆட்டத்துக்குப் பின் என்ன மிஞ்சியது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதப்படும்போது, அது ஒரு தொழிலின் வரலாறாகும். பலராமின் அறுபது ஆண்டுகளும், சத்யனின் கடைசி ஆண்டுகளும், ஊதியம் நின்ற மாதத்தில் பயிற்சியைத் தொடர்ந்த பெயரறியாத இளைஞரின் நாள்களும் அந்த வரலாற்றில் இடம்பெற்றாக வேண்டும்.